கைம்பெண்கள் தொடங்கிய அறம்
திருச்சிச் சீமையில் அருட்சகோதரிகளின் பணி

மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி, நெ.1 டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம், திருவானைக்கோவில், காவிரிப் பாலம் என்று வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கூட்டத்தில் நம் பழைய மாணவர்கள் எத்தனையோ பேர் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எங்கள் ஊரைச் சொன்னாலே அரிசி ஆலைதான் ஞாபகம் வரும். நெல்லை அவித்து, களத்தில் கொட்டி, காலால் கிண்டிக் காயவைக்கிற பெண்களின் வேர்வையில்தான் அந்த அரிசிக்குப் பேர் வந்தது. அப்படிக் களத்தில் கிடந்த பெண்களில் என் அத்தையும் ஒருத்தி. இருபது வயசுக்குள் கணவனை இழந்தவர். அன்று முதல் வெள்ளைச் சேலைதான்.

1978 வாக்கில், அப்போது நான் கல்லூரி மாணவன், அத்தையைக் கண் காட்டுவதற்காகத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் இரண்டு அருட்சகோதரிகள் ஏறினார்கள். இருவரும் வெள்ளைச் சேலை. உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சட்டென்று எழுந்து, "உக்காருங்க சிஸ்டர்" என்று இடம் கொடுத்தார்கள். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும்போது என்னிடம் கேட்டார்:

"ஏன்டா தம்பி, அவங்க கட்டியிருக்கிறதும் வெள்ளை, நான் கட்டியிருக்கிறதும் வெள்ளை. அவங்களுக்கு எந்திரிச்சு இடம் கொடுக்குறாங்க. நான் எதுக்க வந்தா வெளியே கிளம்பினவங்க திரும்ப வீட்டுக்குள்ள போயிடுறாங்க. ஏன்டா அப்படி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அவங்க சாமிக்காகக் கட்டியிருக்காங்க அத்தை" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். வரலாற்றைப் பாடமாகப் படித்து, பிறகு அதையே பிழைப்பாகவும் கொண்ட பின்னால்தான் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் திருச்சியிலேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மலர்க் குழுவினர் "சார், ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

1858-ஆம் வருஷத்துத் திருச்சி

1858 என்றவுடன் கம்பெனி ஆட்சி போய் விக்டோரியா ராணியின் ஆட்சி வந்ததைத்தான் நாம் பரீட்சையில் எழுதியிருப்போம். அதே வருஷம் திருச்சிராப்பள்ளியில், பாடப்புத்தகத்தில் ஏறாத ஒரு காரியம் நடந்தது. அன்னம்மாள் என்ற கத்தோலிக்கக் கைம்பெண், தன்னைப் போன்ற கைம்பெண்களைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு பொதுவாழ்வைத் தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் 'திருச்சி புனித அன்னாள் சபை' என்று பெயர் பெற்ற அருட்சகோதரிகள் சபை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியவேண்டுமானால் அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்து விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததே 1856-ல்தான். சட்டம் வந்ததே தவிர, வீட்டுக்குள் அது நுழையவில்லை. பத்து வயதில் கல்யாணம், பன்னிரண்டு வயதில் தாலியறுப்பு என்பதெல்லாம் அன்றைக்குச் சர்வசாதாரணம். ஸ்ரீரங்கத்து வீதிகளில் தலை மழித்த பாட்டிமார்களை நம் தாத்தா காலத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பாட்டியாகும் முன்பே, சிறுமிகளாகவே மழிக்கப்பட்டவர்கள். கிறிஸ்தவர்களானதால் இந்த வழக்கம் அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஞானஸ்நானம் வாங்கினாலும் சாதி வழக்கமும் சடங்கும் வீட்டோடு ஒட்டிக்கொண்டேதான் இருந்தன. மூளியானவள் மூலையில் இருக்கவேண்டியவள் என்பதில் மட்டும் எல்லா வீடும் ஒற்றுமையாக இருந்தது.

அப்படி மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள்தான் எழுந்து வெளியே வந்தார்கள். கைம்பெண்களைப் பராமரிப்பது, தாயில்லாக் குழந்தைகளை எடுத்து வளர்ப்பது, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது ஆகியவையே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகள். மேல்நாட்டிலிருந்து யாரோ வந்து இரக்கப்பட்டுத் தொடங்கியதல்ல இது. இரக்கத்துக்கு உரியவள் என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த ஒருத்தியே தொடங்கினாள். சபையின் முதல் பெண்கள் உதவி செய்தவர்களா, உதவி பெற்றவர்களா என்று கேட்டால், இரண்டும் அவர்களேதான்.

இன்னொரு கைம்பெண்

வரலாறு சில சமயம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி யோசிக்கும். அன்னம்மாளுக்கு ஒரு வருஷம் முன்னால், 1857-ல், ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் இன்னொரு கைம்பெண் ஒரு சபையைத் தொடங்கியிருந்தார். அவர் பெயர் எமிலி தெ ஊல்த்ரமோன். பெல்ஜியம் நாட்டுப் பிரபு குடும்பம். 1847-ல் கணவர் இறந்தபோது அவர் கையில் நான்கு குழந்தைகள். அவர் தொடங்கிய 'பரிகார மாதா சபை'யில் அவருடைய மகள்கள் இருவரும் பின்னர் சேர்ந்தார்கள்.

அப்போது திருச்சி, மதுரை, தூத்துக்குடி எல்லாம் சேர்ந்த பெரும் பரப்பு 'மதுரை மிஷன்' என்று அழைக்கப்பட்டது. 1837-ல் வந்து சேர்ந்த பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் அதை நடத்தினார்கள். காலரா அவர்களை வாரிக்கொண்டு போனது. ஆனாலும் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் செயின்ட் ஜோசப் கல்லூரியை 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான்.

இந்தக் குருக்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஊர்ப் பொதுவில் நின்று ஆண்களிடம் பேசலாம். வீட்டுக்குள் நுழைய முடியாது. பிரசவித்த பெண், காய்ச்சலில் கிடக்கும் மருமகள், மூலையில் இருக்கும் கைம்பெண் ஆகியோரை எட்ட வேண்டுமானால் பெண்கள்தான் போகவேண்டும். உள்ளூரில் பெண்கள் தாமாகவே கூடிச் சபைகள் அமைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் துறவு வாழ்வில் பயிற்சி கொடுக்கவும், வேறு பணிகளைக் கவனிக்கவும் எமிலியின் சபையிலிருந்து சகோதரிகளை மதுரை மிஷன் வரவழைத்தது. பெல்ஜியத்துக் கைம்பெண்ணின் மகளிரும் தமிழ்நாட்டுக் கைம்பெண்ணின் தோழியரும் ஒரே மிஷனுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

உதகையில் பிறந்த சபை

1865-ல் அந்தச் சகோதரிகளோடு சேர்ந்துகொள்ள ஒரு இளம் பெண் கப்பலேறி வந்தார். பிரான்சில் நாந்த் நகரத்தில் 1839-ல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன். துறவறப் பெயர் 'பாடுகளின் மரியா'. இரண்டே வருஷத்தில், 28 வயதில், மதுரை மிஷனில் இருந்த மூன்று மடங்களுக்கும் அவர் தலைவி ஆக்கப்பட்டார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. மிஷனுக்குள் பிணக்குகள் முற்றின. 1876-ல் இருபது சகோதரிகள் சபையை விட்டு விலகி, நீலகிரியில் உதகமண்டலம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பாடுகளின் மரியாவும் ஒருவர். உடுத்தின துணியோடு மலையேறியவர்கள் என்றே சொல்லலாம். அவர் ரோமாபுரிக்குப் போய் முறையிட்டு, 1877 ஜனவரி 6 அன்று புதிய சபை தொடங்க பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் அனுமதி பெற்றார். பின்னர் பிரான்சிஸ்கன் குடும்பத்தில் சேர்ந்து, 'மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரிகள்' என்று அந்தச் சபை உலகமெங்கும் பரவியது.

1883-ல் அவரைத் தலைமையிலிருந்தே நீக்கினார்கள், விசாரணை நடந்தது, குற்றமில்லை என்று தெரிந்து 1884-ல் சகோதரிகள் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1904-ல் அவர் இறந்தபோது நான்கு கண்டங்களில் 86 இல்லங்கள், 2000-க்கும் மேற்பட்ட சகோதரிகள். 2002-ல் அவருக்கு 'முத்திப்பேறு பெற்றவர்' என்ற பட்டம் தரப்பட்டது.

அவர் சபை போன இடமெல்லாம் மருந்தகம், அநாதை இல்லம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு இன்னொன்றும் நடந்தது. அது தையல், பூவேலைக் கூடம். ஏழைப் பெண்ணுக்கு ஒரு வேளை சோறு போடுவதோடு நிற்காமல், அவள் கையில் ஒரு தொழிலைக் கொடுத்து அனுப்புவது. சென்னையில் 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு சுதந்திரமடைந்த அதே நாளில், 32 மாணவிகளோடு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியதும் இதே சபைதான்.

தாது வருஷம்

உதகையில் அந்த இருபது பேர் ஒதுங்கிய அதே வேளையில் கீழே சமவெளியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது கணக்கு. நிவாரண வேலை செய்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த கூலியைச் சொன்னால் இன்றைய மாணவர்கள் நம்பமாட்டார்கள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் சிபாரிசு செய்தபடி, ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் ஓரணா. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. இது உயிரைப் பிடித்துவைக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் கத்தினார். பிறகுதான் கூலியைக் கூட்டினார்கள்.

பஞ்சத்தில் முதலில் செத்தது தாய் தகப்பன்மார். மிஞ்சியது பிள்ளைகள். மிஷன் அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சொறி சிரங்குக்கு மருந்து போட்டு, கஞ்சி ஊற்றிப் படுக்கவைத்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அவர்கள் பெயர்கள் எந்தக் கெஜட்டிலும் இல்லை. வளர்ந்த பெண்பிள்ளைகளில் சிலர் அதே இல்லங்களில் சமையலுக்கும், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவும், பாடம் சொல்லவும் நின்றுகொண்டார்கள்.

ஆசிரியைக்கு எங்கே போவது?

1901 ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை; 0.6 சதவீதம். பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று எல்லோரும் மேடையில் பேசினார்கள். ஆனால் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆண் வாத்தியாரை வைத்தால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். ஆசிரியை வேண்டும். ஆசிரியைக்கு எங்கே போவது? கன்னிப்பெண்ணைப் பன்னிரண்டு வயதுக்குள் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். கட்டிக்கொண்டு போனவளுக்கு மாமியார் வீட்டில் வேலை. மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று துறவிகள், இன்னொன்று கைம்பெண்கள்.

இந்தக் கணக்கை அழகாகப் புரிந்துகொண்டவர், ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட தஞ்சைச் சீமைக் குடும்பத்துப் பெண், 'சிஸ்டர்' சுப்புலட்சுமி. குழந்தையிலேயே கணவனை இழந்தவர். தகப்பனார் அவரை மூலையில் உட்காரவிடாமல் படிக்கவைத்தார். படித்த இடங்களில் ஒன்று, சென்னையில் அயர்லாந்துக் கன்னியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட். அந்தச் சபைச் சகோதரிகள் 1842-லேயே சென்னைக்கு வந்து இறங்கியவர்கள். தனக்கென்று குடும்பமில்லாமல் ஊர்ப் பிள்ளைகளுக்காக வாழும் பெண்களை அங்கே சுப்புலட்சுமி நேரில் பார்த்தார். 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர். அடுத்த வருஷமே, அன்றைய பெண்கல்விப் பள்ளி ஆய்வாளர் மிஸ் லிஞ்ச் என்பவரின் துணையோடு, இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். பிறகு கடற்கரையிலிருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அவர்களுக்கு விடுதியானது. அங்கே சேர்ந்த கைம்பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அவர் மதம் மாறவில்லை. கன்னியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது வாழும் முறையைத்தான். ஊராரும் அவரைச் 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள்.

திருச்சிக்கு வருவோம். இருபதுகளின் தொடக்கத்தில் நம் பக்கத்துப் பெண் பெண்களுக்கான கல்லூரியில் படிக்க வேண்டுமானால் பாளையங்கோட்டைக்கோ சென்னைக்கோ போகவேண்டும். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி 1895. சென்னை ராணி மேரி கல்லூரி 1914. பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915. எந்தத் தகப்பன் அவ்வளவு தூரம் அனுப்புவான்? 1923-ல் மதர் சோபி தலைமையில் சிலுவை சபைச் சகோதரிகள் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். மெயின்கார்டு கேட் வழியாகப் போகிறவர்கள் தினமும் பார்க்கிற கட்டடம்தான்.

அந்தச் சபையின் கதையும் ஒரு கிராமத்துக் கதைதான். 1838-ல் சவாய் நாட்டில் ஷவனோ என்ற சின்னக் கிராமம். கிளாதின் எஷெர்னியே என்ற கிராமத்துப் பெண், அருட்தந்தை மெர்மியே என்பவரின் வழிகாட்டுதலில், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஆடு மாடு மேய்க்கிற ஊரில் பிறந்த சபை, எங்கள் நெல் அவிக்கிற ஊர்ப் பெண்களுக்கும் ஒரு கல்லூரி தந்தது.

ஹோலி கிராஸ் கல்லூரி 1987-ல் தன்னாட்சி பெற்றது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர் என்று அன்று சொல்லப்பட்ட, இன்று மாற்றுத்திறனாளிகள் என்று நாம் அழைக்கிறவர்களுக்குப் பணிசெய்வதை 'மறுவாழ்வு அறிவியல்' என்ற பட்டப்படிப்பாகவே அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மடத்துத் திண்ணையில் இரக்கமாகச் செய்யப்பட்டது, இன்று பாடத்திட்டம், பயிற்சி, பரீட்சை எல்லாம் உள்ள ஒரு துறை. இரக்கம் மட்டும் போதாது, வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம்?

குறுக்கே நின்ற விதி

வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று சகோதரிகள் உணர்ந்தபோது அவர்களுக்குக் குறுக்கே நின்றது அவர்களுடைய திருச்சபையின் விதியேதான். துறவறப் பெண்கள் பிரசவம் பார்க்கக் கூடாது, முழு மருத்துவம் செய்யக் கூடாது என்று தடை இருந்தது. நாட்டிலோ ஆண் டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று பெண்கள் பிரசவத்திலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். வேலூரில் புராட்டஸ்டண்ட் மிஷனரியான ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படித்துவந்து ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். கத்தோலிக்கச் சகோதரிகளால் அது முடியவில்லை.

ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன், அறுபது வயதுக்கு மேல் கத்தோலிக்கரானவர், இந்தத் தடையை நீக்கச் சொல்லி ரோமாபுரிக்கு நடையாய் நடந்தார். அவர் முயற்சியில் 1909-ல் ராவல்பிண்டியில் பெண்களுக்கான புனித கத்தரீன் ஆஸ்பத்திரி வந்தது. அங்கே செவிலியராக நின்றவர்கள் நம் உதகையில் பிறந்த பிரான்சிஸ்கன் மிஷனரிச் சகோதரிகள். டாக்டராக 1920-ல் அங்கே வந்து சேர்ந்தவர் ஆஸ்திரியாவின் அன்னா தெங்கல். ஒற்றை டாக்டராக மாரடித்துப் பார்த்துவிட்டு, மருத்துவம் படித்த பெண்களின் ஒரு சபையே வேண்டும் என்று 1925-ல் 'மருத்துவ மிஷன் சகோதரிகள்' அமைப்பைத் தொடங்கினார். 1936-ல்தான் ரோமாபுரி தடையை நீக்கியது. அதன் பிறகுதான் நாடெங்கும் மடத்து ஆஸ்பத்திரிகளில் சகோதரிகளே டாக்டராகவும் பிரசவம் பார்க்கிறவராகவும் வரமுடிந்தது.

1948-ல் கல்கத்தாவின் சேரிகளுக்குப் போகுமுன் அன்னை தெரசா மருத்துவப் பயிற்சிக்காகப் போனது பாட்னாவில் இதே சகோதரிகள் நடத்திய ஆஸ்பத்திரிக்குத்தான். தன் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் தின்று வாழ்வார்கள் என்று அவர் சொல்ல, அப்படியானால் அவர்கள் ஏழைகளுக்குப் பணி செய்யுமுன் செத்துப்போவார்கள், நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அங்கே புத்தி சொல்லியனுப்பினார்கள் என்பார்கள். எங்கள் சமயபுரத்து அம்மன் பக்தர்களுக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப்பட்டினி இருக்கிறாள். ஆனால் தெய்வத்துக்குத்தான் அது முடியும். பிரசவ வார்டில் ராத்திரி முழுக்க நிற்கிறவள் சாப்பிட்டாக வேண்டும்.

சொல்லாமல் விடக்கூடாதவை

இவ்வளவும் புகழ்ச்சியாகவே போய்விட்டால் நம் மாணவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். குறைகளும் இருந்தன. பஞ்சத்தில் கொடுத்த கஞ்சியோடு மதமும் சேர்ந்தே வந்தது என்ற குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாகக்கிடந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அன்றைய மிஷனரிகள் ஒரு பணியாகவே கருதினார்கள். அவர்கள் நம்பிக்கையில் அது கருணை. அடுத்தவர் கண்ணில் அப்படித் தெரியவில்லை. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

சாதி இன்னொரு குறை. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. ஐரோப்பிய சபைகளில் நம் நாட்டுப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் எளிதில் இடம் கிடைக்கவில்லை. உள்ளூர்ப் பெண்கள் தனிச் சபைகளாக நிற்க அதுவும் ஒரு காரணம். இது ஒரு மதத்தின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிஸ்டர் சுப்புலட்சுமியின் இல்லமும் பிராமணக் கைம்பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது. எங்கள் அத்தை போன்றவர்களுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. அறம் செய்கிறவர்களும் தங்கள் காலத்துப் பிள்ளைகள்தான்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த எந்தப் பணிகள் காலத்தைத் தாண்டி நின்றன என்று பார்த்தால், உதவி வாங்கினவர்களே உதவி செய்கிறவர்களாக மாறிய பணிகள்தான் நின்றன. கைம்பெண் செவிலியானாள். அநாதைச் சிறுமி ஆசிரியையானாள். செவிலியாக மட்டும் இருக்கலாம் என்று நிறுத்தப்பட்டவள் டாக்டரானாள். வாங்குகிறவரை வாங்குகிறவராகவே வைத்திருந்த தர்மங்கள், கொடுத்தவர் கண்ணை மூடியதும் முடிந்துபோயின.

நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை

நண்பர்களே, வருஷா வருஷம் நாம் கூடுகிறோம். சாப்பாடு, குரூப் போட்டோ, பழைய வாத்தியார்களுக்குப் பொன்னாடை, ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த உதவித்தொகையை எப்படிக் கொடுக்கிறோம்? மேடைக்குக் கூப்பிட்டு, கவரைக் கையில் கொடுத்து, போட்டோவுக்கு நிற்கவைத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளை கூனிக் குறுகி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் கவர் கொடுத்தவர்களில் ஒருவன்தான். எனவே யாரையும் குறை சொல்லவில்லை.

என் யோசனை இதுதான். உதவித்தொகை பெறும் மாணவ மாணவியரில் இரண்டு பேரை உதவித்தொகைக் குழுவிலேயே உறுப்பினராக்குவோம். அடுத்த வருஷம் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதில் அவர்களுக்கும் குரல் இருக்கட்டும். தேவை என்னவென்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போட்டோவை விட்டுவிடலாம். அப்புறம், தகப்பனை இழந்த பிள்ளையின் தாயாரை மேடைக்கு அழைக்க நேர்ந்தால், குத்துவிளக்கு ஏற்ற அவரையும் கூப்பிடுவோம்.

இன்றைக்குச் சபைகளில் சேர முன்வரும் பெண்கள் குறைந்துவருகிறார்கள். நாளை மடங்களில் ஆள் இருப்பார்களோ என்னவோ. அவர்கள் தொடங்கிய வேலை மட்டும் மடத்துக்குச் சொந்தமானது அல்ல. அது எந்த மதத்துக்காரரும், எந்த உடை உடுத்தினவரும் செய்யக்கூடியது. மாணவச் செல்வங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தைக்கு நான் பதில் சொல்ல முடிந்தது பல வருஷம் கழித்து. அப்போது அவருக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, 1858-ல் நம்ம திருச்சியிலேயே அன்னம்மாள் என்று ஒரு கைம்பெண் இருந்தார், அவரும் தாலியறுத்தவர்தான், அவர் தொடங்கியதுதான் அந்தச் சிஸ்டர்மார் மடங்களில் ஒன்று என்று விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்:

"அப்ப அந்தம்மாவும் என்னைய மாதிரிதானா? இதை யாராச்சும் எனக்கு அப்பவே சொல்லியிருந்தா, களத்துக்குப் போற வழியில இன்னும் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன்டா."

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அப்போதே சொல்லியிருக்க வேண்டியதை, இப்போதாவது சொல்கிறேன். சங்கம் வளர்க.